வாடகை வீட்டுக் கடனை வேறு வங்கிக்கு மாற்றலாம்; அதன்மேல் இன்னொரு வீடும் வாங்கலாமா?

கேள்வி: பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். வயது 49. திருநெல்வேலி டவுனில் பூர்வீக வளவு வீட்டில் குடியிருக்கிறோம். 2018-ல் பெருமாள்புரத்தில் கீழ்த்தளமும் மாடியுமாக ஒரு வீட்டை, வாடகைக்கு விடும் எண்ணத்தில், 42 லட்சம் ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்றில் 30 லட்சம் கடன், 20 ஆண்டுத் தவணை, மாறும் வட்டி. 9 சதவீதத்தில் தொடங்கிய வட்டி இப்போது 10.25 சதவீதம். மாதத் தவணை அதே 27,000 ரூபாய்தான். ஆனால் இன்னும் 25 லட்சம் பாக்கி என்கிறார்கள். இரண்டு தளத்துக்கும் சேர்த்து 19,000 ரூபாய் வாடகை வருகிறது. பொதுத்துறை வங்கி ஒன்று 8 சதவீதத்தில் கடனை மாற்றித் தருவதாகச் சொல்கிறது. கூடவே அதே வீட்டின் மேல் கூடுதல் கடனாக, டாப்-அப் என்று, 15 லட்சமும் தருமாம். அந்தப் பணத்தை முன்பணமாக வைத்து, கேடிசி நகரில் 48 லட்சத்துக்கு வரும் ஒரு வீட்டை வாங்கி 14,000 ரூபாய் வாடகைக்கு விடலாம் என்கிறார் தரகர் அண்ணாச்சி. அவர் மூலமாக 50,000 ரூபாய் அச்சாரமும் கொடுத்துவிட்டேன். ஒப்பந்தம் இன்னும் எழுதவில்லை. பெருமாள்புரம் மாடியை மூன்றாண்டுக்கு ஒத்திக்குக் கேட்டு ஒருவர் 6 லட்சம் தரத் தயாராக இருக்கிறார். அதை வாங்கிக் கடனில் கட்டலாமா என்றும் யோசனை. என் கைக்கு வரும் சம்பளம் 82,000 ரூபாய். மனைவி தையல் தொழில் செய்கிறார். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?

பதில்:

அன்புள்ள ஐயா,

மூன்று காரியங்களை ஒரே மூச்சில் கேட்டிருக்கிறீர்கள். தரகரும் வங்கி முகவரும் அவற்றை ஒரே காரியம்போலக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கடனை மாற்றுவது வேறு, அந்தக் கடனைப் பெருக்கி இன்னொரு வீடு வாங்குவது வேறு, ஒத்திப் பணம் வேறு. முதலாவதைத் தாமதமில்லாமல் செய்யுங்கள். மற்ற இரண்டையும் இப்போது செய்ய வேண்டாம். காரணங்களை உங்கள் எண்களைக் கொண்டே சொல்கிறேன்.

முதலில், ஏழு ஆண்டுக்கு மேல் கட்டியும் பாக்கி ஏன் குறையவில்லை என்பதைப் பார்ப்போம். வட்டி ஏறியபோது உங்கள் நிறுவனம் மாதத் தவணையை ஏற்றவில்லை. அதற்குப் பதிலாகக் கடன் முடியும் காலத்தைத் தள்ளிவைத்துக்கொண்டே வந்திருக்கிறது. 25 லட்சத்துக்கு 10.25 சதவீத வட்டி என்றால் மாத வட்டி மட்டும் 21,350 ரூபாய். நீங்கள் கட்டும் 27,000-ல் அசலுக்குப் போய்ச் சேர்வது 5,650 ரூபாய்தான். இதே வட்டி, இதே தவணை தொடர்ந்தால் கடன் முடிய இன்னும் 184 மாதங்கள் ஆகும். அதாவது 15 ஆண்டும் 4 மாதமும். உங்களுக்கு ஓய்வு வயது 60. பணிக்காலம் 11 ஆண்டுதான் மீதம் இருக்கிறது. வாங்கும்போது 2038-ல் முடியும் என்று நம்பிய கடன், இப்போது ஓய்வுக்குப் பிறகும் நான்கு ஆண்டு நீளக் காத்திருக்கிறது. சம்பளம் நின்ற பிறகும் மாதம் 27,000 ரூபாய் கட்ட வேண்டிய இந்த நிலைதான் உங்கள் கடிதத்தில் இருக்கும் உண்மையான சிக்கல். கேடிசி நகர் வீட்டைப் பற்றிய பேச்சில் அது மறைந்துகிடக்கிறது.

இந்த நிலை வந்ததற்கு உங்கள் பிழை எதுவும் காரணமில்லை. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் புதிதாகத் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்களை ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) போன்ற ஒரு வெளி அளவுகோலுடன் இணைக்க வேண்டும் என்றும், மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்த வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி விதித்தது. அந்த விதி வீட்டுக்கடன் நிறுவனங்களுக்குப் பொருந்தாது. அவை தாங்களே நிர்ணயிக்கும் ஆதார வட்டியை வைத்துக் கணக்கிடுகின்றன. ஏற்றும்போது விரைவாக ஏற்றும், இறக்கும்போது பெரும்பாலும் புது வாடிக்கையாளருக்கு மட்டும் இறக்கும். ரெப்போ வட்டி 2025 பிப்ரவரி வரை 6.5 சதவீதமாக இருந்து, படிப்படியாகக் குறைந்து, அந்த ஆண்டு டிசம்பரில் 5.25 சதவீதத்துக்கு வந்தது. ஒன்றேகால் சதவீதம் குறைந்தும் உங்கள் வட்டி அசையவில்லை என்றால், கேட்காமல் அது அசையாது.

ஆகவே முதல் வேலையாக, வேறு வங்கிக்குப் போவதற்கு முன், இப்போதைய நிறுவனத்துக்கே ஒரு கடிதம் கொடுங்கள். வட்டி திருத்தும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் சேர்த்தா என்று கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் 18-ல் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதி. இது வீட்டுக்கடன் நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். ஆகவே எப்போது, எவ்வளவு காலம் நீட்டப்பட்டது, அதற்கு உங்களுக்கு அனுப்பிய அறிவிப்பு எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். அதே கடிதத்தில், புது வாடிக்கையாளருக்குத் தரும் வட்டியை எனக்கும் தரத் தயாரா, அதற்கு என்ன கட்டணம் என்றும் கேளுங்கள். பாக்கியில் ஒரு சிறு விழுக்காட்டை மாற்றுக் கட்டணமாக வாங்கிக்கொண்டு இறக்கித் தருவது வழக்கம். அவர்கள் 9 சதவீதத்துக்கு இறங்கினால்கூட, அதே 27,000 தவணையில் 184 மாதம் 159 மாதமாகும். கிளையில் பதில் வராவிட்டால் தலைமை அலுவலகக் குறைதீர் அதிகாரிக்கும், அதன்பிறகு தேசிய வீட்டுவசதி வங்கிக்கும் போகலாம். ஆனால் நியாயம் கிடைக்கும் வரை கூடுதல் வட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஒரு மாதம் அவகாசம் கொடுத்துப் பாருங்கள். சரியான பதில் இல்லையென்றால் மாறிவிடுங்கள்.

8 சதவீதத்துக்கு மாறினால் என்ன கிடைக்கும்? தவணையை 27,000 என்றே வைத்தால் 145 மாதத்தில் முடியும். நான் அதையும் விட ஒரு படி மேலே போகச் சொல்வேன். புது வங்கியிடம் 132 மாதம், அதாவது சரியாக 11 ஆண்டு, என்று கேளுங்கள். தவணை ஏறத்தாழ 28,540 ரூபாய் வரும். இப்போது கட்டுவதைவிட மாதம் 1,540 ரூபாய் கூடுதல். அதற்குப் பலனாக, ஓய்வு பெறும் மாதத்தில் கடனும் முடிந்துவிடும். இனிமேல் கட்டப்போகும் மொத்தத் தொகையை ஒப்பிட்டால், பழைய வழியில் சுமார் 49.7 லட்சம், புது வழியில் சுமார் 37.7 லட்சம். வட்டி இதே அளவில் நின்றால் 12 லட்சம் ரூபாய் மிச்சம். ரெப்போவுடன் இணைந்த வட்டி ஏறவும் செய்யும். ஆகவே 12 லட்சத்தை உறுதியான தொகையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் இரண்டு வட்டிக்கும் இடையே இருக்கும் இரண்டேகால் சதவீத இடைவெளி சிறியதல்ல.

முகவர்கள் இந்த இடத்தில் ஒரு தந்திரம் செய்வதுண்டு. "தவணை 21,000-க்குக் குறைந்துவிட்டது பாருங்கள்" என்று காட்டுவார்கள். காலத்தை மறுபடியும் 20 ஆண்டாக்கியிருப்பார்கள். உங்கள் வயதுக்கு அப்படித் தருவதென்றால் மகனையோ மகளையோ இணைக் கடன்தாரராகச் சேர்க்கச் சொல்வார்கள். வேண்டாம். மாற்றும் கடனில் வட்டி மட்டும் இறங்கட்டும், காலம் ஏற வேண்டாம்.

"முன்கூட்டி அடைத்தால் 2 சதவீதம் அபராதம் பிடிப்பார்கள்" என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். தனிநபர் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக்கடனை வேறிடத்துக்கு மாற்றி அடைத்தாலும் அபராதம் வசூலிக்கக் கூடாது. வங்கிகளுக்கு 2012 முதல் இந்தத் தடை இருக்கிறது, வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கும் உண்டு. வீடு வாடகைக்கு விட்டிருப்பதால் இது மாறாது. உங்கள் கடன் ஒப்பந்தத்தில் 'வீட்டுக்கடன்' என்றும் 'மாறும் வட்டி' என்றும் இருக்கிறதா என்பதை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் சொத்து அடமானக் கடனாக எழுதிவிட்டு வீட்டுக்கடன் என்று வாய்மொழியாகச் சொல்லியிருப்பார்கள்.

செலவு இல்லாமல் மாற முடியாது. புது வங்கியின் பரிசீலனைக் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, வக்கீல் கருத்துக்கும் மதிப்பீட்டாளருக்கும் கட்டணம் ஆகியவற்றோடு, எம்.ஓ.டி. என்று வங்கியில் சொல்லும் பத்திர ஒப்படைப்பு ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யும் செலவும் உண்டு. இந்தக் கடைசிச் செலவை முகவர்கள் சொல்ல மறந்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் அதற்குக் கடன் தொகையில் அரை சதவீதம் முத்திரைத் தீர்வை, ஒரு சதவீதம் பதிவுக் கட்டணம். இரண்டுக்கும் உச்ச வரம்பு உண்டு. எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய் ஒதுக்கிவையுங்கள். முதல் ஆண்டில் மட்டும் வட்டியில் 58,000 ரூபாய்க்கு மேல் குறைவதால் இந்தச் செலவு ஓராண்டுக்குள் திரும்பிவிடும். கடனோடு சேர்த்து ஒற்றைத் தவணைக் காப்பீடு எடுக்கச் சொல்லி அந்தப் பிரீமியத்தையும் கடனில் ஏற்றப் பார்ப்பார்கள்; அது கட்டாயமில்லை. உங்களுக்குத் தேவையென்றால் தனியாக ஒரு டேர்ம் பாலிசி எடுங்கள்.

இனி, மாற்றத்தைத் தடுக்கக்கூடிய ஒன்றைச் சொல்கிறேன். கடிதத்தின் கீழே சிறு குறிப்பாக, "மாடி முந்தைய உரிமையாளர் பிறகு எழுப்பியது, அதற்குத் தனி வரைபட அனுமதி இருக்கிறதா தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான வரி அதுதான். வங்கியின் மதிப்பீட்டாளர் அளவு நாடாவோடு வருவார். கையில் இருக்கும் வரைபடத்தில் கீழ்த்தளம் மட்டும் இருந்து, நேரில் மாடியும் நின்றால், மாடியின் மதிப்பைப் பூச்சியமாகப் போட்டுவிட்டு அறிக்கை எழுதுவார். அல்லது 'அனுமதிக்கு மாறான கட்டுமானம்' என்று எழுதுவார். மாநகராட்சிக்கு மாடிக்கும் சேர்த்துச் சொத்து வரி கட்டிவருவது அனுமதிக்குச் சமமாகாது. வரி ரசீதை நீட்டி இதைச் சமாளிக்க முடியாது. முதலில் மாநகராட்சியில் அந்தக் கதவு எண்ணுக்கான கட்டிட அனுமதிக் கோப்பைத் தேடி, சான்றிட்ட நகல் வாங்குங்கள். அனுமதி இருந்தால் கவலை தீர்ந்தது. இல்லையென்றாலும், மனை மதிப்பும் கீழ்த்தளமும் மட்டும் 25 லட்சம் கடனுக்குப் போதும் என்பதால் சில வங்கிகள் மாற்றிக்கொடுக்கும். டாப்-அப்பில்தான் சிக்கும். பெருமாள்புரம் வீடு இப்போது 65 லட்சம் பெறும் என்று தரகர் சொல்வதை மறந்துவிடுங்கள். மதிப்பீட்டாளர் மாடியை விட்டுவிட்டு 45 லட்சம் என்று எழுதினால், 80 சதவீதம் கணக்கிட்டாலும் மொத்தக் கடன் 36 லட்சத்தைத் தாண்டாது. பழைய பாக்கி போக 11 லட்சம்தான் மிஞ்சும்.

வில்லங்கச் சான்றையும் இப்போதே போட்டுப் பாருங்கள். 2018-க்கு முன் விற்றவர் வாங்கிய கடனுக்கு எழுதிய எம்.ஓ.டி. பதிவாகியிருந்து, அது தீர்ந்ததற்கான ரசீது ஆவணம் பதிவாகாமல் விடுபட்டிருந்தால், வங்கி வக்கீல் முதல் நாளிலேயே கோப்பைத் திருப்பிவிடுவார். அப்போது விற்றவரையும் அவருடைய பழைய வங்கியையும் தேடி அலைய வேண்டியிருக்கும். பட்டா உங்கள் பெயருக்கு மாறிவிட்டதா, மனைப்பிரிவு அங்கீகாரம் பெற்றதா, இல்லையென்றால் 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனை என்று வரன்முறை செய்யப்பட்டதா என்பதையும் அதே மூச்சில் பார்த்துவிடலாம். இப்போதைய நிறுவனத்திடம் கடன் முடிப்புக் கடிதமும், அவர்கள் வசம் இருக்கும் பத்திரங்களின் பட்டியலும் கேளுங்கள். மூலப் பத்திரம் பட்டியலில் இருக்கிறதா என்று உங்கள் நகலோடு ஒப்பிடுங்கள். கடன் முழுதும் அடைந்தபின் 30 நாளுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தராவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது; இதைக் குறிப்பிட்டு எழுதினால் பத்திரங்கள் நாள் தவறாமல் வந்துவிடும். கடைசியாக, பழைய எம்.ஓ.டி.-க்கான ரசீது ஆவணமும் புது எம்.ஓ.டி.-யும் பதிவான பிறகு மறுபடி ஒரு வில்லங்கச் சான்று எடுத்து, இரண்டும் ஏறியிருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கோப்பை மூடுங்கள்.

இப்போது கேடிசி நகர் வீடு. 48 லட்சம் விலை. முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து ஏறத்தாழ 4.3 லட்சம், ஆக 52 லட்சத்துக்கு மேல். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சம். பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க முடியாது. ஆகவே வங்கி 38 லட்சம் தரும், மீதி 14 லட்சத்தை டாப்-அப்பிலிருந்து போடுவீர்கள். வாங்குபவர் தன் கையிலிருந்து ஐந்தில் ஒரு பங்காவது போட வேண்டும் என்பதற்காக வைத்த விதியை, இன்னொரு வீட்டின் மேல் கடன் வாங்கித் தாண்டுகிறீர்கள். உங்கள் சொந்தப் பணமாக அதில் இருப்பது அந்த அச்சாரம் மட்டும்தான். டாப்-அப் பணத்தை 'வீட்டுப் பராமரிப்பு' என்று எழுதிக்கொள்ளலாம் என்று முகவர் சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள். பணத்தை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று வங்கி கேட்கும் உரிமை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதோடு, வரிக் கணக்கில் அந்த வட்டியைக் கேடிசி நகர் வீட்டின் வாடகையில் கழிக்க வேண்டுமானால், பணம் அந்த வீட்டை வாங்கப் போனது என்பதற்கான தடம் வேண்டும்.

மாதக் கணக்கைப் பாருங்கள். உங்களுக்கு 11 ஆண்டுதான் காலம் என்பதால் 38 லட்சத்துக்கு 8 சதவீதத்தில் தவணை 43,380 ரூபாய். டாப்-அப் 15 லட்சத்துக்கு 8.5 சதவீதம் என்று வைத்தால் 17,530. மாற்றிய பழைய கடனுக்கு 28,540. மூன்றும் சேர்த்து மாதம் 89,450 ரூபாய். இரண்டு வீட்டு வாடகையும் ஒரு மாதம்கூடத் தவறாமல் வந்தால் 33,000. மீதம் 56,450 ரூபாய் உங்கள் 82,000 சம்பளத்திலிருந்து போக வேண்டும். குடும்பத்துக்கு மிஞ்சுவது 25,500. இதில் வீட்டு வரி, தண்ணீர் வரி, வெள்ளையடிப்பு, மோட்டார் பழுது எதுவும் சேரவில்லை. பெருமாள்புரத்தில் கீழ்த்தளத்துக்காரர் ஏப்ரலில் காலி செய்து, பள்ளி திறக்கும் ஜூன் வரை ஆள் வராவிட்டால் அந்த 25,500-லும் கைவைக்க நேரும். இந்தக் கணக்குக்கு எந்த வங்கியும் சாதாரணமாக ஒப்புதல் தராது. அதனால்தான் தையல் தொழில் வருமானத்தைப் பெருக்கிக் காட்டி உங்கள் மனைவி பெயரில் கணக்குத் தாக்கல் செய்யலாம் என்று முகவர் யோசனை சொல்லியிருக்கிறார். வராத வருமானத்தைக் காட்டி வாங்கிய கடனையும், வரும் வருமானத்தில்தான் கட்ட வேண்டியிருக்கும்.

இன்னொரு விதத்திலும் பார்க்கலாம். அந்த வீட்டுக்காக நீங்கள் வாங்கும் 53 லட்சத்துக்கு முதலாண்டு வட்டி மட்டும் சுமார் 4.2 லட்சம். வாடகை 1.68 லட்சம். பத்திரச் செலவோடு சேர்த்துப் பார்த்தால் வாடகை வருமானம் 3.2 சதவீதம், கடன் வட்டி 8 சதவீதத்துக்கு மேல். 'விலை ஏறும், அதில் சரியாகிவிடும்' என்பதுதான் தரகரின் பதிலாக இருக்கும். ஏறலாம். ஆனால் ஏறிய விலை, வீட்டை விற்கும் நாளில்தான் கைக்கு வரும். தவணை ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி கணக்கிலிருந்து போகும். நம் ஊரில் வாடகைக்கு வீடு வாங்குபவர்கள் பெரும்பாலோர் சொத்தின் விலையைத் தெரிந்து வைத்திருக்கும் அளவுக்கு, வீடு மூன்று மாதம் பூட்டிக்கிடந்தால் தவணை எங்கிருந்து வரும் என்பதை யோசித்து வைத்திருப்பதில்லை. கடன் போட்டு வாங்கும் வாடகை வீட்டை இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் நான் எடைபோடுவேன்.

மேலும் இரண்டு விஷயங்கள். தனிநபர் ஒருவருக்கு மூன்றாவது வீட்டிலிருந்து தரும் கடனை வங்கிகள் வணிக மனைக் கடனாகக் கருத வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. டவுன் வளவு வீட்டில் உங்கள் பங்கு உங்கள் பெயரில் இருந்தால், கேடிசி நகர் வீடு உங்களுக்கு எத்தனையாவது வீடு என்ற கேள்வி வரலாம். வந்தால் வட்டி கூடும். அடுத்தது மண். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஏறி, நெல்லை சந்திப்பும் கொக்கிரகுளமும் வண்ணாரப்பேட்டையும் மிதந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆற்றங்கரை மட்டுமல்ல, பழைய குளமும் வாய்க்காலும் இருந்த இடங்களிலும் அப்போது தண்ணீர் நின்றது. எந்தப் பகுதியில் வாங்கினாலும், வில்லங்கச் சான்றில் தெரியாத இந்த விவரத்துக்குக் கிராம வரைபடத்தையும், நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்த்துறையின் அ-பதிவேட்டையும் பார்க்க வேண்டும். அக்கம்பக்கத்தில் அந்த இரண்டு நாளும் தண்ணீர் எதுவரை வந்தது என்று விசாரிக்கவும் வேண்டும். வெள்ளம் புகுந்த தெருவில் கீழ்த்தளத்துக்கு ஆள் பிடிப்பது எவ்வளவு பாடு என்று அங்கே வீடு வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஒத்தி விஷயத்துக்கு வருகிறேன். நெல்லைச் சீமையில் ஒத்தி பழகிய ஏற்பாடு. வாங்குபவருக்கு வாடகையில்லை, கொடுப்பவருக்கு வட்டியில்லை என்று சொல்லிக்கொள்வோம். உங்களுக்கு வட்டி உண்டு. அதன் பெயர் மாடி வாடகை. மாடிக்கு மாதம் 8,000 வருகிறது என்றால் ஆண்டுக்கு 96,000 ரூபாயை விட்டுக்கொடுத்து 6 லட்சம் வாங்குகிறீர்கள். இது 16 சதவீத வட்டிக்குக் கடன் வாங்குவதற்குச் சமம். அந்தப் பணத்தைக் கொண்டுபோய் 10.25 சதவீதக் கடனில் கட்டினால் மிச்சமாவது ஆண்டுக்கு 61,500 ரூபாய். 8 சதவீதத்துக்கு மாறிய பிறகு கட்டினால் 48,000 மட்டுமே. ஆக, எப்படிப் பார்த்தாலும் நட்டம். மூன்றாண்டு முடிந்ததும் 6 லட்சத்தைத் திருப்பித் தர வேறொரு ஒத்தியையோ கடனையோ தேட வேண்டும்.

சட்டத்திலும் இடைஞ்சல் இருக்கிறது. ஒத்தி என்பது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின்படி ஓர் அடமானம். இவ்வளவு தொகைக்குப் பதிவு செய்த பத்திரம் கட்டாயம். பதிவு செய்தால் அது வில்லங்கச் சான்றில் ஏறும். கடன் நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் அவர்களிடம் அடமானத்தில் இருக்கும் வீட்டில் இன்னொரு பாரத்தை ஏற்றியது ஒப்பந்த மீறலாகும், புது வங்கியும் அதைப் பார்த்ததும் விலகிவிடும். பதிவு செய்யாமல் வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டால், உங்களை நம்பி 6 லட்சம் கொடுத்தவர் பாதுகாப்பில்லாமல் நிற்பார். ஒழுங்கான வாடகை ஒப்பந்தமும் அளவான முன்பணமும் போதும்.

வரிச் சலுகை பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள்: வட்டி குறைந்தால் சலுகையும் குறையாதா என்று. குறையும், அதில் வருந்த ஒன்றுமில்லை. வாடகை 2.28 லட்சம், கட்டிய சொத்து வரி 4,000 ரூபாய் என்று வைத்துக் கழித்து, மீதத்தில் 30 சதவீதக் கழிவும் போனால் 1.57 லட்சம் நிற்கும். அதற்கு எதிரே இப்போதைய வட்டி 2.53 லட்சம். ஆக சுமார் 96,000 ரூபாய் நட்டம். பழைய வரி முறையில் இருந்தால் இதைச் சம்பளத்தில் கழிக்கலாம், ஆண்டுக்கு 2 லட்சம் வரை. புதிய முறையில் இருந்தால் வீட்டு நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவே முடியாது. வாடகை அளவுக்கு மட்டும்தான் வட்டி பயன்படும். நீங்கள் புதிய முறையில் இருப்பதாக எழுதியிருப்பதால், அந்த 96,000 ரூபாய் வட்டிக்கு உங்கள் சம்பள வரியில் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. கடனை மாற்றிய பிறகு முதலாண்டு வட்டி சுமார் 1.95 லட்சமாகக் குறையும், பயன்படாத பகுதியும் 38,000 ரூபாய் அளவுக்குச் சுருங்கும். பழைய வீட்டுக்கடனை அடைக்க வாங்கிய புதுக் கடனின் வட்டிக்கும் அதே கழிவு தொடரும். அதற்காக இரண்டு நிறுவனங்களின் வட்டிச் சான்றுகளையும் பத்திரமாக வைத்திருங்கள்.

இன்னொரு வாடகை வீடு வேண்டும் என்ற ஆசை தவறில்லை. அதற்கு வேறு வழி இருக்கிறது. மாற்றும்போது, சேமிப்புக் கணக்குபோல உபரிப் பணத்தைப் போட்டு எடுக்கக்கூடிய ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக்கடனை அந்த வங்கி தருகிறதா என்று கேளுங்கள். வட்டி சற்றுக் கூடுதலாக இருக்கும். கேடிசி நகர் திட்டத்தில் இரண்டு வீட்டுக்குமாக மாதம் 56,000 ரூபாய் ஒதுக்கத் துணிந்த நீங்கள், பெருமாள்புரம் தவணையில் வாடகை போகக் கைப்பணமாகப் போவது 9,540 மட்டும் என்பதால், மாதம் 25,000 ரூபாயையாவது அந்தக் கணக்கில் போட்டு வர முடியும். போட்ட நாளிலிருந்து அதற்கு வட்டி குறையும். மகள் படிப்புக்கோ மருத்துவத்துக்கோ வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். நான்கு ஆண்டில் 12 லட்சம் சேரும். அப்போது அது உங்கள் சொந்தப் பணம். வாங்கும் வீட்டைச் சிறியதாகவும் கடனைக் குறைவாகவும் வைத்து அன்றைக்கு யோசிக்கலாம். வளவு வீட்டை மட்டும் எந்தக் கட்டத்திலும் அடமானத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். பங்காளிகளின் கையெழுத்து வேண்டியிருக்கும் என்பது ஒரு காரணம், நீங்கள் குடியிருக்கும் கூரை என்பது அதைவிடப் பெரிய காரணம்.

அச்சாரம் பற்றி. கிரய ஒப்பந்தம் எழுதிப் பதிவாகவில்லை என்பது நல்லது. இந்த வாரத்திலேயே தரகரிடம் போகாமல் நேரடியாக விற்பவரைப் பார்த்து, வங்கிக் கடன் கூடிவரவில்லை என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். வேறு ஆள் வந்ததும் தருகிறேன் என்றால் தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பாதியைப் பிடித்துக்கொண்டாலும், முழுதையும் தர மறுத்தாலும், அந்த 50,000 ரூபாயைக் காப்பாற்றுவதற்காக 53 லட்சம் கடனுக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.